கல்லும் ஓடையுமான மலைப்பாதைக்குத் தடித்த குஷன் ஷூ எடுக்கலாமா? நாகலாபுரம், குடியம் பக்கம் போனவர்கள் சொல்லுங்கள்

காலடிப்பேட்டை_ஓட்டம்

ரோட்டில் மட்டும் ஓடிப் பழகியவன் நான். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டுவதற்கு முன்னால் ஓட்டத்தை முடித்துவிடுவேன். எடை 84 கிலோ. காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்தால் குதிகால் சுரீர் என்கிறது, டாக்டர் பார்த்துவிட்டு மெத்தென்ற ஷூவில் ஓடுங்கள் என்றார், ரோட்டுக்கு அது ஒத்துப்போகிறது. இப்போது எங்கள் குரூப் ஆந்திராவில் இருக்கும் நாகலாபுரம் மலைப் பக்கம் போகிறது. பாறை, வேர், ஓடை எல்லாம் இருக்கும், ரோடு ஷூவோடு வராதே என்கிறார்கள்.

கடையில் இரண்டு ரகம் எடுத்துப் போட்டார்கள். ஒன்று அடிப்பாகம் இரண்டு விரல் தடிமனுக்கு மேல் இருக்கிறது, போட்டதும் குதிகால் வலியே மறந்துவிட்டது. இன்னொன்று தாழ்வாக, விறைப்பாக இருந்தது, ஆனால் நின்றால் தரை தெரிகிறது. குஷன் அதிகம் இருந்தால் கல்லில் கணுக்கால் மடியும் என்று ஒருத்தர், குஷன் இல்லாமல் 84 கிலோவோடு மலையிலிருந்து இறங்கினால் முட்டி போய்விடும் என்று இன்னொருத்தர். யார் சொல்வதைக் கேட்பது? பட்ஜெட் 10,000, ரொம்ப நல்லதாக இருந்தால் கொஞ்சம் மேலே போகலாம்.

வியாசை_தம்பி

தடியானதையே எடுங்கண்ணா. கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள்.

மின்ட்_மணிக்கூண்டு

கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால் கணுக்காலை மூடிக்கொண்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான், தம்பி.

குஷன் எவ்வளவு என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். கடைக்காரர் மில்லிமீட்டரில் சொல்வது குதிகாலுக்கும் தரைக்கும் நடுவில் இருக்கும் உயரம். அந்த உயரம் மட்டும் கணுக்காலை மடக்காது. உயரத்துக்குத் தகுந்த அகலம் கீழே இல்லாவிட்டால்தான் மடக்கும். ஷூவைத் தலைகீழாகத் திருப்பி அடியைப் பாருங்கள். குதிகால் இடத்திலும் பெருவிரல் எலும்பு இடத்திலும் சோல் நன்றாக வெளியே விரிந்திருக்க வேண்டும், நடுப்பகுதி ரொம்ப ஒடுங்கி இருக்கக் கூடாது. உயரமாகவும் ஒடுக்கமாகவும் இருக்கும் ஷூவைப் போட்டுக்கொண்டு உருட்டுக்கல்லில் இறங்குவது ஸ்டூல் மேல் ஸ்டூல் போட்டு ஏறி பல்ப் மாட்டுகிற வேலை. கல் ஒரு பக்கம் உருண்டால் உயரம் கூடின அளவுக்கு நெம்புகிற விசையும் கூடும், சுளுக்கு நிச்சயம்.

இன்னொன்று, பாதம் ஃபோமின் மேலே உட்கார்ந்திருக்கிறதா, உள்ளே இறங்கி உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெளியிலிருந்து பெரிய தடிமனாகத் தெரியும் பல ஷூக்களில் பக்கவாட்டு ஃபோம் மேலேறிக் குதிகாலைச் சுற்றி நிற்கும், கால் அவ்வளவு உயரத்தில் இருக்காது. இன்சோலைக் கழற்றி உள்ளே விரலை விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும்.

உங்கள் எடைக்கு மூன்றாவது விஷயம் ஒன்று. மெத்தென்று இருப்பதும் குஷன் இருப்பதும் வேறு வேறு. ரொம்ப மெத்தென்ற ஃபோம் 84 கிலோவுக்கு ஒரு பக்கமாக அமுங்கிச் சாயும், கல் ஏற்கெனவே சாய்ந்திருக்கும்போது ஷூவும் சாய்ந்தால் எங்கே போவது? தடிமன் இருக்கட்டும், ஆனால் கட்டை விரலால் அழுத்தினால் லேசாக எதிர்க்கிற ஃபோமாக இருக்கட்டும்.

காசிமேடு_கரைவலை

நான் இந்தக் குஷன் கதையையே நம்புவதில்லை. எங்கள் பக்கம் தூண்டில் வளைவுக் கருங்கல் மேல் வெறுங்காலோடு போய்த் தூண்டில் போட்டுவிட்டு வருகிறவர்களைப் பாருங்கள், ஒருத்தருக்கும் கணுக்கால் மடிந்து நான் பார்த்ததில்லை. கால் கல்லைத் தொட்டால் கல் எப்படி இருக்கிறது என்று மூளைக்குத் தெரியும். இரண்டு விரல் ரப்பர் நடுவில் இருந்தால் கல் உருண்ட பிறகுதான் தெரியும், அதற்குள் நீங்கள் உட்கார்ந்திருப்பீர்கள்.

எர்ணாவூர்_எக்ஸ்பிரஸ்

அண்ணா, அவர்கள் சின்ன வயதிலிருந்து அந்தக் கல்லில் நடக்கிறவர்கள், நடக்கிறார்கள், ஓடவில்லை. ஆபீஸில் நாள் முழுக்க உட்கார்ந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் கல்லைப் பார்க்கும் 84 கிலோ ஆளுக்கு அதே கணக்குப் போட முடியாது.

அப்புறம் தடித்த குஷன் என்பது ரோட்டுக்காக வந்து மலைக்குத் தெரியாத்தனமாகப் போனது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உல்டா. ஹோகா ஷூ கம்பெனியை 2009-இல் ஆரம்பித்த இரண்டு பிரெஞ்சுக்காரர்களும் முன்பு சாலமன் என்ற மலை ஷூ கம்பெனியில் வேலை பார்த்தவர்கள், மலையிலிருந்து வேகமாக இறங்குவதற்கென்றே அவ்வளவு பெரிய சோலைப் போட்டார்கள். எல்லாரும் மெல்லிய ஷூ, வெறுங்கால் ஓட்டம் என்று பேசத் தொடங்கிய நேரம் அது. அவர்களுடைய ஸ்பீட்கோட் மாடலுக்கு அந்தப் பெயர் கார்ல் மெல்ட்சர் என்ற அமெரிக்க மலை ஓட்டக்காரரின் பட்டப்பெயரிலிருந்து வந்தது, 100 மைல் பந்தயங்களை வரிசையாக ஜெயித்த ஆள். தடியான ஷூ கல்லுக்கு ஆகாது என்றால் அந்த ஆள் எப்படி ஓடினார்?

கல் குத்துவதிலும் ஒரு லாபம் உண்டு. மெல்லிய ஷூவில் கூர்க்கல் குத்தாமலிருக்க நடுவில் ராக் பிளேட் என்று ஒரு தகடு வைப்பார்கள். தடியான ஃபோம் இருந்தால் கல் முனை ஃபோமிலேயே அமுங்கிவிடும், தகடு தேவைப்படாது, ஸ்பீட்கோட்டிலும் தகடு கிடையாது. தகடு இல்லாவிட்டால் முன்பாதம் கல்லின் மேல் கொஞ்சம் வளைந்து பிடிக்கும்.

காசிமேடு_கரைவலை

100 மைல் ஓடுகிறவர் எதைப் போட்டாலும் ஓடுவார் தம்பி. அவருக்குக் கணுக்கால் அப்படி. ஆனால் தகடு விஷயம் ஒத்துக்கொள்கிறேன்.

பெரம்பூர்_லோகோ_பொண்ணு

இழை முழுக்க அண்ணன்களாக இருக்கிறீர்கள், நடுவில் ஒரு விஷயம். ஒரே ஃபோம் எல்லா எடைக்கும் ஒரே மாதிரி இருக்காது. எனக்கு 51 கிலோ. மணிக்கூண்டு அண்ணன் சொல்கிற எதிர்க்கிற ஃபோம் எனக்குப் பலகை மாதிரித்தான் இருக்கும், எனக்கு மெத்தென்று இருப்பது காலடிப்பேட்டை அண்ணனுக்கு அமுங்கித் தரை தட்டும். அதனால் ரிவ்யூ போடுகிற ஆளின் எடை என்ன என்று தெரியாமல் மெத்தென்று இருக்கிறது, விறைப்பாக இருக்கிறது என்ற பேச்சை நம்பாதீர்கள்.

பெண்களுக்குக் குதிகால் ஒடுக்கமாகவும் முன்பாதம் அதோடு ஒப்பிட்டால் அகலமாகவும் இருப்பது சகஜம். ஆண்கள் மாடலில் சின்ன சைஸ் எடுத்தால் முன்னால் சரியாக இருந்தும் பின்னால் குதிகால் எழும்பும். சமதளத்தில் அது ஒரு கொப்புளத்தோடு போய்விடும், இறக்கத்தில் அப்படியில்லை, ஷூ ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் போகும். சென்னைக் கடைகளில் பெண்கள் ட்ரெயில் ஷூ கேட்டால் பிங்க் கலரில் ஒன்றே ஒன்று எடுத்து வைப்பார்கள், அது தனிக்கதை.

மாதவரம்_பால்பண்ணை

நாகலாபுரம் போவதற்கு முன்னால் ஒருமுறை குடியம் போய்விட்டு வாருங்கள், ஷூவைப் பற்றி இங்கே 100 பதில் படிப்பதைவிட அது நல்லது. பூண்டி நீர்த்தேக்கத்தைத் தாண்டி அல்லிக்குழி மலைத்தொடரில் இருக்கிறது. அங்கே பாறையே கூழாங்கற்கள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகினதுதான், மண் கரையக் கரைய கல் உருண்டை உருண்டையாக உதிர்ந்து பாதையெல்லாம் கிடக்கும். முட்டை அளவில் இருந்து தேங்காய் அளவு வரை பார்க்கலாம், எல்லாம் வழுவழு குவார்ட்சைட் என்ற கெட்டிக் கல். பழைய கற்கால ஆட்கள் அந்த மாதிரிக் கல்லைத்தான் உடைத்துக் கைக்கோடரி செய்தார்கள், ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற ஆங்கிலேய நிலவியலாளர் 1863-இல் பல்லாவரத்திலும் அடுத்து அத்திரம்பாக்கத்திலும் எடுத்ததெல்லாம் குவார்ட்சைட் கருவிகள்தான். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

கூழாங்கல் மேல் ஷூவின் குணம் உடனே தெரிந்துவிடும். கூர்க்கல் குத்தும், ஆனால் நகராது. உருண்டைக் கல் குத்தாது, காலுக்கடியில் சுழலும். சுழலும்போது உங்களைக் காப்பாற்றுவது ஃபோம் இல்லை, குதிகாலைச் சுற்றி இருக்கும் கப்பும் நடுப்பாதத்தில் லேஸ் பிடிப்பும்தான். ஷூவுக்குள் கால் அரை விரலளவு நகர்ந்தால் போதும், எவ்வளவு அகலமான சோலும் உதவாது. நான் பார்த்தவரை குஷன்தான் மடக்கியது என்று திட்டுகிறவர்களில் பாதிப்பேருக்குச் சைஸ் ஒன்று பெரிதாக இருக்கும்.

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் ஆரம்பித்த மலையேற்றத் திட்டத்தின் 40 பாதைகளில் குடியமும் ஒன்று, ஆன்லைனில் பதிவு செய்தால் உள்ளூர் வழிகாட்டி கூடவே வருவார். நடக்க மட்டும்தான் முடியும், ஓட முடியாது. ஷூவைச் சோதிக்க நடையே போதும்.

மின்ட்_மணிக்கூண்டு

பால்பண்ணை சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். நான் அகலம் அகலம் என்று கத்தியதில் இதை விட்டுவிட்டேன். அகலம், அதற்கு முன்னால் பிடிப்பு. குஷன் மூன்றாவது.

வியாசை_தம்பி

அப்போ கடையில் வைத்தே எப்படித் தெரிந்துகொள்வது? கடையில் கூழாங்கல் இருக்காதே.

பெரம்பூர்_லோகோ_பொண்ணு

கடையில் படிக்கட்டு இருக்கும், இல்லாவிட்டால் வெளியே இருக்கும். சாயங்காலம் போங்கள், நாளெல்லாம் நின்று நடந்து கால் வீங்கியிருக்கும் நேரம், மலையில் மூன்று மணி நேரம் கழித்து உங்கள் கால் அந்த அளவில்தான் இருக்கும். ஓடும்போது போடுகிற சாக்ஸையே கொண்டுபோங்கள், கடையில் தருகிற மெல்லிய சாக்ஸில் எல்லாமே பொருந்தும். லேஸை இறுக்கிக் கட்டிக்கொண்டு படியில் வேகமாக இறங்கிச் சட்டென்று நில்லுங்கள். விரல் முன்னால் இடிக்கிறதா? இடித்தால் முதல் நீண்ட இறக்கத்திலேயே நகம் கறுத்துவிடும். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். குதிகால் எழும்புகிறதா? எழும்பினால் கடைசியில் ஒரு உபரி ஓட்டை இருக்கும் பாருங்கள், லேஸை அதே பக்கத்து ஓட்டைக்குள் விட்டு ஒரு சின்ன வளையம் செய்து எதிர்ப்பக்க லேஸை அந்த வளையத்துக்குள் நுழைத்து இழுத்துக் கட்டுங்கள். அப்படியும் எழும்பினால் அந்த ஷூ உங்களுக்கு இல்லை, கலர் எவ்வளவு பிடித்திருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள்.

அப்புறம் ஒற்றைக்காலில் நின்று கண்ணை மூடுங்கள். இரண்டு ரகத்திலும் செய்து பாருங்கள். எதில் அதிகம் தள்ளாடுகிறீர்களோ அது வேண்டாம்.

எர்ணாவூர்_எக்ஸ்பிரஸ்

முன்பாத அகலத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செருப்போடும் வெறுங்காலோடும் வளர்ந்த நமக்கு முன்பாதம் விரிந்திருக்கும். தென்னிந்தியாவில் வெறுங்காலோடு நடக்கும் ஆட்களின் பாதங்களை அளந்து 2009-இல் ஒரு ஆய்வு வந்தது, ஷூ போட்டு வளர்ந்தவர்களைவிட அவர்களுக்குப் பாதம் அகலம், எடையும் பாதம் முழுக்கச் சமமாகப் பரவுகிறது என்று சொன்னது. ஐரோப்பிய மலை ஷூக்களில் பல முன்பக்கம் ஒடுங்கியே வரும். அல்ட்ரா கம்பெனி விரல் விரிய இடம் விட்டுச் செய்கிறது, ஆனால் அதன் பெரும்பாலான மாடல்களில் குதிகாலும் முன்பாதமும் ஒரே உயரம், அதாவது ட்ராப் பூஜ்யம். குதிகால் வலிக்கிற ஆள் அதில் திடீரென்று குதிக்க வேண்டாம். ட்ராப் குறையக் குறைய கெண்டைச் சதையும் குதிநரம்பும் அதிகம் இழுபடும். ரோடு ஷூவில் 10 மில்லிமீட்டர் ட்ராப்பில் ஓடிப் பழகியவர் 8-க்கு வரலாம், 4-க்கு வருவதென்றால் சின்னச் சின்ன தூரமாக ஆரம்பித்துச் சில வாரம் எடுத்துக்கொள்ள வேண்டும். டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள், இங்கே யாரும் டாக்டர் இல்லை.

காசிமேடு_கரைவலை

ஈரப் பாறையைப் பற்றி யாரும் பேசவில்லையே. நாகலாபுரத்தில் பாதி நேரம் ஓடைக்குள்தான் கால் இருக்கும்.

கடையில் அடியில் பெரிய பெரிய பல் இருக்கிற ஷூவைக் காட்டி கிரிப் சார் கிரிப் என்பார்கள். அந்தப் பல் சேற்றுக்கும் தளர்ந்த மண்ணுக்கும்தான், சாலமன் ஸ்பீட்கிராஸ் மாதிரி. சேற்றில் அது ராஜா. வழுவழுப்பான ஈரப் பாறையில் பல்லுக்குக் கடிக்க ஒன்றுமில்லை, உயரமான தனித்தனிப் பல்லின் நுனி மட்டும் தொடும், தொடுகிற பரப்பு குறையும். அங்கே வேலை செய்வது ரப்பரின் தன்மை. மென்மையான, ஒட்டுகிற ரப்பராக இருக்க வேண்டும், பல் குட்டையாக, நெருக்கமாக இருந்தால் போதும். விப்ரம் மெகாகிரிப் என்று மஞ்சள் எண்கோண முத்திரையோடு வருவது அந்த ரகம், ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும். காய் போலக் கெட்டியான ரப்பர் வருடக்கணக்கில் உழைக்கும், ஈரப் பாறையில் சோப்புதான். நகத்தால் அழுத்திப் பாருங்கள், தடம் விழுந்து மெல்ல மறைந்தால் நல்லது. பஜாரில் 1,500-க்குக் கிடைக்கும் காப்பி ஷூவில் பல் எல்லாம் அச்சு அசலாக இருக்கும், ரப்பர்தான் இருக்காது.

அதேபோல பாசி பிடித்த கல்லில் எந்த ரப்பரும் நிற்காது. விலை எவ்வளவு கொடுத்தாலும். பச்சையைப் பார்த்தால் உட்கார்ந்து இறங்குங்கள், மானம் போகாது.

காலடிப்பேட்டை_ஓட்டம்

அருமை. இரண்டு சந்தேகம். தண்ணீர் புகாத மாடல் 2,000 அதிகம், எடுக்கலாமா? அப்புறம் இதே ஷூவை வாரநாளில் ரோட்டிலும் போட்டு ஓடலாமா? இரண்டு ஜோடி வாங்க வீட்டில் பட்ஜெட் பாஸ் ஆகாது.

மாதவரம்_பால்பண்ணை

தண்ணீர் புகாதது வேண்டவே வேண்டாம். முழங்கால் ஆழ ஓடையில் தண்ணீர் மேல்வழியாக உள்ளே போகும், போனது வெளியே வராது. மெஷ் துணி போட்ட சாதாரண மாடலில் 50 அடி நடந்தால் வடிந்துவிடும். நம் ஊர் வெயிலுக்கு வியர்வையே உள்ளே குளம் கட்டிவிடும்.

ரோட்டில் ஓடலாம், ஆனால் மென்மையான ரப்பர் தார் ரோட்டில் சீக்கிரம் தேயும், எக்ஸ்பிரஸ் சாலையில் கிடக்கும் மணலும் இரும்புத்தூளும் அரம் போடும். மலைக்கு வாங்கியதன் பல்லை ரோட்டில் தேய்த்துவிட்டு மலையில் வழுக்கி விழுந்து என்ன பயன்? பழைய ரோடு ஷூ உயிரோடு இருக்கும்வரை ரோட்டுக்கு அது.

மின்ட்_மணிக்கூண்டு

கடலோரத்தில் இருக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. என்னிடம் ஒரு நல்ல மலையேற்ற பூட் இருந்தது, கம்பெனி பெயர் வேண்டாம், பரண் மேல் பெட்டியிலேயே சில வருடம் கிடந்தது. எடுத்துப் போட்டுக்கொண்டு போனால் முதல் ஓடையிலேயே சோல் ரஸ்க் மாதிரி உதிர்ந்து கையோடு வந்தது. திரும்பி வந்தபோது கயிறு கட்டிக்கொண்டுதான் வந்தேன். பாலியூரிதேன் நடுசோல் காற்றில் இருக்கும் ஈரத்தோடு வினைபுரிந்து உள்ளுக்குள்ளேயே இற்றுப்போகும், போடாமல் வைத்தாலும் இறும். ஓட்ட ஷூக்களில் பெரும்பாலும் இருக்கும் ஈ.வி.ஏ. ஃபோம் அப்படி உதிராது, ஆனால் வெப்பத்தில் தளரும், பசையும் விடும். பைக் பெட்டியில் மூடி வெயிலில் வைக்காதீர்கள். நனைந்து வந்தால் இன்சோலைக் கழற்றி, உள்ளே பழைய பேப்பரைத் திணித்து, நிழலில், ஃபேன் காற்றில். மொட்டைமாடிக் கொடியில் மத்தியான வெயிலில் தொங்கவிடும் பழக்கத்தை நிறுத்துங்கள்.

சலுகை விலையில் பழைய ஸ்டாக் வாங்கினால் நடுசோலை மடக்கிப் பாருங்கள், பக்கவாட்டில் மயிரிழை விரிசல் தெரிந்தால் வேண்டாம். ஒழுங்காக ஓடினால் 500 முதல் 800 கிலோமீட்டர் வரும் என்பார்கள், நம் எடைக்குக் கீழ்க்கணக்கையே வைத்துக்கொள்ளுங்கள்.

வியாசை_தம்பி

சோல் பிரிந்தால் நம் தெருமுனையில் தைத்துக்கொள்ளலாமே?

மின்ட்_மணிக்கூண்டு

ஒட்டச் சொல்லுங்கள், தைக்கச் சொல்லாதீர்கள். ஃபோமில் ஊசி போன இடமெல்லாம் கிழியும்.

எர்ணாவூர்_எக்ஸ்பிரஸ்

பயிற்சியைப் பற்றியும் ஒரு வார்த்தை. வடசென்னையில் மேடு என்று இருப்பது மேம்பாலமும் ரயில்வே நடைமேம்பாலமும்தான். ஷூ வாங்கியதும் நேராக மலைக்குப் போகாமல் ஸ்டேஷன் படிக்கட்டில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து ஏறி இறங்குங்கள், இறங்குவதுதான் முக்கியம். காலையில் பல் துலக்கும்போது ஒற்றைக்காலில் நில்லுங்கள். கணுக்கால் தேறாமல் எந்த மாடல் வாங்கினாலும் மடியும், இதில் மட்டும் கரைவலை அண்ணன் கட்சி நான்.

நாகலாபுரம் ஆந்திர வனத்துறை எல்லை, அனுமதி பார்த்துக்கொண்டு போங்கள். வடகிழக்குப் பருவமழை நேரத்தில் மேலே மழை பெய்தால் கீழே ஓடை திடீரென்று பொங்கும், அந்த வாரம் ஷூவை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

காலடிப்பேட்டை_ஓட்டம்

நேற்று சாயங்காலம் கடைக்குப் போய் வந்தேன். முதலில் காட்டிய அந்தத் தடியான ரகத்தில் படியில் இறங்கினால் குதிகால் உள்ளே ஆடியது, வளையம் போட்டுக் கட்டியும் ஆடியது, ஒற்றைக்காலில் கண்ணை மூடினால் நேராகக் கடைக்காரர் மேலேயே சாய்ந்துவிட்டேன். தாழ்வான ரகத்தில் ஆட்டம் இல்லை, ஆனால் சிமென்ட் தரையிலேயே குதிகால் கத்த ஆரம்பித்துவிட்டது. கடைசியில் கடைப்பையன் உள்ளே போய் மூன்றாவதாக ஒன்றை எடுத்து வந்தான். நடுத்தரத் தடிமன், 8 மில்லிமீட்டர் ட்ராப், அடி நன்றாக விரிந்திருக்கிறது, பக்கவாட்டு ஃபோம் மேலேறி நிற்கிறது, விரலுக்கு முன்னால் கெட்டி ரப்பர் இருக்கிறது. பல் குட்டை. நகத் தடம் விழுந்து மறைந்தது. 9,400. அரை சைஸ் பெரிதாக எடுத்தேன். குடியத்துக்கு அடுத்த மாதம் பதிவு செய்கிறேன், யாராவது வருகிறீர்களா?

பெரம்பூர்_லோகோ_பொண்ணு

நானும் தோழியும் வருகிறோம். ஒரு கேள்வி, அந்த மாடலில் பெண்கள் 5 இருந்ததா, பிங்க் இல்லாமல்?

காலடிப்பேட்டை_ஓட்டம்

5 இருந்தது. கலர் பிங்க்தான், மன்னிக்கவும்.